பிரௌஷர் அச்சடிக்கப் போகிறீர்களா? வெல்வெட் லேமினேஷன் கேட்பதற்கு முன்

சுவாமிமலையில் அண்ணன் நடத்தும் சிற்பப் பட்டறைக்கு ஒரு பிரௌஷர் அடிப்பதற்காக 47,000 ரூபாய் கொடுத்தேன். புகைப்படம் எடுத்தவருக்கும் வடிவமைத்தவருக்கும் கொடுத்தது தனி. வந்து சேர்ந்த ஆயிரம் பிரதிகளில் ஒன்றைக்கூட வாடிக்கையாளர் கையில் கொடுக்க மனம் வரவில்லை. சென்னையில் மார்கழி மாதக் கைவினைக் கண்காட்சிக்கு என்று அடித்தவை அவை. அண்ணன் உலோகம் வார்ப்பவர். கணக்கு, கடிதம், விற்பனை எல்லாம் என் பொறுப்பு. அச்சு விஷயத்தில் எனக்கு வழிகாட்ட வீட்டிலோ தெருவிலோ ஆள் இல்லை. இணையத்தில் தேடினால் வெளிநாட்டு அச்சகங்களின் விளம்பரங்கள்தான் வந்தன. ஐப்பசி மழையில், காவிரிக் கரையில் இருந்துகொண்டு, தமிழில் அச்சடிக்கிறவருக்கு என்னென்ன நேரும் என்று எழுதியவர் எவரும் இல்லை. அந்தக் குறைக்குத்தான் இந்தப் பதிவு.

எல்லாம் சாம்பிள் ஆல்பத்தில் தொடங்கியது. பிரஸ்காரர் (ஊரையும் பெயரையும் விட்டுவிடுகிறேன்) ஒரு தடித்த ஆல்பத்தை என் முன் விரித்தார். தாளின் மேல் ஃபிலிம் ஒட்டி மயிலிறகைத் தடவுவது போல ஆக்கும் வெல்வெட் லேமினேஷன், அதன் மேல் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் பூசிப் பளபளக்கும் ஸ்பாட் யூவி, மினுங்கும் தகடு போல ஒட்டும் தங்க ஃபாயில், உருவத்தை மேடாக எழுப்பும் எம்போசிங் என ஒவ்வொரு பக்கமும் கண்ணைப் பறித்தது. எம்போசிங் செய்தால் பின்பக்கத்தில் அதே இடம் குழிந்து தெரியும், அங்கே எழுத்து போட முடியாது என்பதால் அதை மட்டும் நானே விலக்கினேன். மற்ற எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) ஆர்ட் கார்டு, ஏ4 அளவு, மூன்று மடிப்புப் பக்கம், வெளிப்பக்கம் வெல்வெட், நடராஜர் மீது ஸ்பாட் யூவி, பட்டறைப் பெயருக்குத் தங்க ஃபாயில். “செய்துவிடலாம் மேடம்” என்றார். இதை எங்கே வைத்துக் கொடுப்பீர்கள், எப்படி மடிப்பீர்கள், அதன் மேல் பேனாவால் எழுதுவீர்களா என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. பின்னால் யோசித்தபோதுதான் இன்னொன்றும் தோன்றியது. அந்த ஆல்பத்தில் இருந்தவை பெரும்பாலும் விசிட்டிங் கார்டுகளும் பெட்டிகளும் அட்டைகளும். மடிக்கிற பிரௌஷர் ஒன்றுகூட இல்லை. சாம்பிள் பார்க்கும்போது உங்களுடைய வேலையைப் போன்ற சாம்பிளைக் கேளுங்கள். அதே தாள், அதே மடிப்பு, அதே பினிஷ். அது அவரிடம் இல்லையென்றால் உங்களுடைய வேலைதான் அவருக்கு முதல் சோதனை என்று பொருள்.

படங்களில்தான் முதல் அடி விழுந்தது. பஞ்சலோகச் சிலையைக் கறுப்புத் துணி முன்னால் வைத்து எடுத்திருந்தோம். லேப்டாப் திரையில் தோளும் முழங்காலும் தணலைப் போல ஒளிர்ந்தன. தாளில் வந்தபோது அதே சிலை ஈரக் களிமண் நிறத்தில் இருந்தது. காரணம் சிக்கலானது அல்ல. திரை ஒளியை உமிழ்கிறது, தாள் தன் மேல் விழும் ஒளியைத் திருப்பித்தான் தரும். உலோகத்தின் மினுமினுப்பு நிறமே அல்ல, அது ஒளி தெறிக்கும் விதம். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற நாலு மைகளைக் கலந்து எவ்வளவு புரட்டினாலும் தங்கம் வராது. கடுகு நிறமோ காவியோதான் வரும். நிஜமான உலோகப் பளபளப்பு வேண்டுமென்றால் உலோகத்தூள் கலந்த ஐந்தாவது மை வேண்டும், இல்லையென்றால் ஃபாயில் வேண்டும். இதற்கு மேல் மேட் வகை லேமினேஷன் ஒட்டினால் அது ஒளியைச் சிதறடிக்கிறது. கறுப்பு சாம்பலாகிறது, நிழலில் இருக்கும் நுணுக்கம் மறைகிறது. வெல்வெட்டும் மேட் குடும்பம்தான். உலோகம், நகை, பட்டு போன்றவற்றின் படத்துக்கு மேல் மேட் ஃபிலிம் ஒட்டுவதாக இருந்தால், படத்தின் நிழல் பகுதிகளை முன்கூட்டியே கொஞ்சம் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, படத்தைப் பளபளப்பான ஆர்ட் பேப்பரில் அப்படியே விட்டுவிடுவது.

சிலைகள் எல்லாம் கொஞ்சம் சிவந்தும் இருந்தன. அதன் ரகசியம் பிறகு வேறொரு பிரஸ்ஸில் தெரிந்தது. செலவைக் குறைக்க, பல வாடிக்கையாளர்களின் வேலைகளை ஒரே பெரிய ஷீட்டில் சேர்த்து ஓட்டுகிறார்கள். பிளேட் வைத்து அடிக்கும் ஆஃப்செட் இயந்திரத்தில் மையை ஷீட்டின் அகலவாக்கில் பட்டை பட்டையாகத்தான் கூட்டவோ குறைக்கவோ முடியும். என் சிலையின் பட்டையிலேயே யாரோ ஒரு இனிப்புக் கடையின் அடர் சிவப்பு விளம்பரம் ஓடியிருந்தால், அவருக்காகச் சிவப்பைத் தூக்கும்போது என் சிலையும் சேர்ந்து சிவக்கும். விசிட்டிங் கார்டுக்கு இந்தக் கூட்டுச் சவாரி போதும். நிறம் முக்கியமான வேலை என்றால், “தனி ஷீட்டில் ஓட்டுவீர்களா, வேறு வேலையோடு சேர்ப்பீர்களா?” என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். விலை ஏறும். ஏறட்டும்.

ஃபாயிலைப் பற்றிச் சொன்னால் இன்னும் எரிச்சல் வருகிறது. சூடாக்கிய உலோக பிளாக்கை ஃபாயில் மீது அழுத்தும்போது, பிளாக்கில் மேடாக இருக்கும் இடத்தில் மட்டும் தங்கம் தாளில் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு இது அழகாக வரும். தமிழுக்கு வரவேண்டும் என்றால் எழுத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்கள் பெயர்ப் பலகையில் ‘ஸ்ரீ’ உண்டு, சுழிகள் உண்டு, ‘சிற்பக்கூடம்’ என்ற சொல்லில் மட்டும் மூன்று புள்ளிகள். வடிவமைத்தவர் தேர்ந்தெடுத்தது மெல்லிய கோடும் தடித்த கோடும் மாறி மாறி வரும் நளினமான எழுத்து, அதையும் சிறிய அளவில் வைத்திருந்தார். சுழிகளின் உள்வெளியைத் தங்கம் அடைத்துவிட்டது. மெல்லிய கோடுகள் இடையிடையே அறுந்தன. புள்ளிகள் பாதிப் பிரதிகளில் ஒட்டவே இல்லை. அதற்குக் கீழே தொலைபேசி எண்ணும் ஃபாயிலில்தான். 6, 8, 9 மூன்றும் ஒரே உருண்டை. எண்ணைப் படிக்க முடியாத பிரௌஷரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எழுத்தின் அளவுக்கும் தாளுக்கும் இடையிலான தகராறு நம் டெல்டாவுக்குப் புதிது இல்லை. தரங்கம்பாடியில் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு காலத்தில், ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்து தாளைத் தின்றன. அதனால் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்துக்கொண்டுதான் 1715இல் புதிய ஏற்பாட்டை முடித்தார்கள். அவர்களுக்குப் பெரிய எழுத்து தொல்லை, எனக்குச் சிறிய எழுத்து. ஃபாயிலில் தமிழ் போடுவதாக இருந்தால், கோட்டின் தடிமன் சீராக இருக்கும் எழுத்துருவை எடுங்கள். சுழிக்குள்ளும் புள்ளிக்கும் கொம்புக்கும் நடுவிலும் வெளிச்சம் தெரியும் அளவுக்குப் பெரிதாக வையுங்கள். புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்கித் தரச் சொல்லுங்கள். முகவரி, எண், மின்னஞ்சல் எதையும் ஃபாயிலுக்குக் கொடுக்காதீர்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகப் போடும்போதும் இதே கதைதான். நாலு மைகளில் ஒன்று இம்மி விலகினாலும் பொடி எழுத்தின் புள்ளியை மை மூடிவிடும்.

ஸ்பாட் யூவிக்கு நான் தேர்ந்தெடுத்த இடம் நடராஜரின் திருவாசி. சுற்றிலும் இருக்கும் தீச்சுடர்கள் மட்டும் பளபளக்க வேண்டும் என்று ஆசை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஷீட் முதலில் அச்சாகி, காய்ந்து, சூடான உருளையில் லேமினேட் ஆகி, அதற்குப் பிறகுதான் யூவிக்குப் போகிறது. இவ்வளவு கடந்து வரும் தாள் பிறந்தபோது இருந்த அளவிலேயே இருக்காது. ஈரத்தில் விரியும், சூட்டில் சுருங்கும். அரை மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் சுடருக்குப் பக்கத்தில் ஒரு பேய்ச் சுடர் தெரியும். என் பிரதிகளில் நடராஜருக்கு இரண்டு திருவாசிகள். அண்ணன் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் பட்டறைக்குள் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

ஸ்பாட் யூவி போடத்தான் வேண்டுமா என்றால், என் எண்ணத்தில் பெரும்பாலும் வேண்டாம். போட்டே தீருவது என்றால் தடித்த, எளிய உருவத்துக்குப் போடுங்கள். அடியில் அச்சான கோட்டோடு பொருந்தியே ஆகவேண்டிய அவசியம் இல்லாத இடமாகப் பாருங்கள். ஒற்றை நிறப் பின்னணியில் கோலம் போல யூவி மட்டும் தனியே வந்தால் அது எங்கே நகர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. மடிப்புக் கோட்டைத் தாண்டி மட்டும் விடாதீர்கள், யூவி கண்ணாடிப் பூச்சு மாதிரி, மடித்தால் வெடிக்கும். என்னுடையது வெடித்தது.

மடிப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் அதிகம் வீணானது அங்கேதான் என்று நினைக்கிறேன். தாளுக்கும் மரத்தைப் போல நார் ஓடும் திசை உண்டு, பிரஸ்ஸில் கிரெய்ன் என்பார்கள். அதற்கு இணையாக மடித்தால் தாள் பணியும். குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும், விளிம்பு பிசிறும், மேசையில் வைத்தால் தானாகத் திறந்துகொள்ளும். 300 ஜி.எஸ்.எம். அட்டையைக் குறுக்கே மடித்திருந்தார்கள். மடிக்கும் கோட்டில் பள்ளம் போடும் கிரீசிங் அச்சையும் ஆழமாக அழுத்தவில்லை. அதோடு மூன்று பக்கங்களையும் சமமாக 99 மில்லிமீட்டர் என்று வெட்டியிருந்தார்கள். உள்ளே மடியும் பக்கம் இரண்டு மில்லிமீட்டராவது குறைவாக இருந்தால்தான் அது தடையில்லாமல் உள்ளே அமரும். என்னுடையது முட்டிக்கொண்டு புடைத்தது. இதையெல்லாம் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது, அதற்குக் காசும் கிடையாது: அச்சடிப்பதற்கு முன்னால், அதே தாளில் ஒரு வெற்று டம்மியை வெட்டி மடித்துத் தரச் சொல்லுங்கள். எந்த பிரஸ்ஸிலும் தாள் துண்டு கிடக்கும். கையில் வாங்கி மடித்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும், இந்தக் கனம் தேவையா இல்லையா என்று.

மழை மீதியைப் பார்த்துக்கொண்டது. எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் உப்பு டப்பாவே நீர் கோத்துக்கொள்ளும். தாள் சும்மா இருக்குமா? ஒரு பக்கம் மட்டும் பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டியிருந்தால், திறந்த பக்கம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி விரியும். ஃபிலிம் பக்கம் விரியாது. விளைவு, தாள் ஃபிலிம் பக்கமாகச் சுருளும். பார்சலைப் பிரித்த மறுநாளே ஓரங்கள் எல்லாம் வெளிப்பக்கம் வளைந்து நின்றன. “சென்னையில் ஏ.சி. ஹாலில் வைத்தால் நேராகிவிடும் மேடம்” என்று போனில் பதில் வந்தது. மை முழுவதும் காயும் முன்பே அவசரமாக லேமினேட் செய்ததால், கறுப்புப் பகுதி முழுக்க ஊசிமுனை அளவில் வெள்ளி வெள்ளியாகப் புள்ளிகளும் இருந்தன. ஷீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கத் தூவும் பவுடர் ஃபிலிமுக்கு அடியில் மாட்டிக்கொண்டாலும் அப்படித்தான் தெரியுமாம். மழைக்காலத்தில் அச்சடித்தால், காய்வதற்கு நாள் கொடுக்கும்படி பிரஸ்காரரிடம் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். லேமினேஷன் வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் போடுங்கள், இல்லாவிட்டால் அறவே விட்டுவிடுங்கள்.

சண்டை போட்டேனா என்றால், போட்டேன். “புரூஃப் பார்த்து ஓகே சொன்னீர்களே” என்றார்கள். அந்தப் புரூஃப் வாட்ஸ்அப்பில் வந்த பி.டி.எஃப். அதில் தாள் இல்லை, ஃபிலிம் இல்லை, ஃபாயில் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் நிறம்தான் இருந்தது. எழுத்துப் பிழை பார்ப்பதற்கு அது போதும், வேறு எதற்கும் உதவாது. எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் என்னிடம் இல்லை, அரைப் பணத்தை முன்பே கட்டியிருந்தேன், மீதியைக் கட்டினால்தான் பார்சலை அனுப்புவோம் என்று அதையும் வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் ‘அடுத்த வேலையில் குறைத்துக்கொள்கிறோம்’ என்ற வாக்குறுதி மட்டும் கிடைத்தது. இரவில் தூக்கம் வராமல் தொகையைச் சிலைகளாக மாற்றிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அதுவும் ஒரு மாதிரியான சித்திரவதை. அண்ணன்தான் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார்: “மெழுகில் இருக்கும்போது மூக்கைத் திருத்தலாம். மண் பூசி உலோகம் ஊற்றிய பிறகு உடைத்துத்தான் பார்க்க வேண்டும். உன் அச்சுக்காரனிடம் மெழுகு எது என்று கேட்டாயா?” கேட்கவில்லை. பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதே தாளில், அதே லேமினேஷனோடு எடுக்கும் ஒரு பிரதிதான் அது. அதை டியூப்லைட்டில் பார்க்காமல் வாசலுக்கு எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

கண்காட்சி நெருங்கிவிட்டதால் கும்பகோணத்தில் ஒரு சிறிய பிரஸ்ஸில் சாதாரண ஆர்ட் பேப்பரில், டிஜிட்டல் முறையில், லேமினேஷன் ஏதும் இல்லாமல் கொஞ்சம் பிரதிகள் மட்டும் எடுத்துக்கொண்டு ரயிலேறினேன். குறைந்த எண்ணிக்கைக்கு டிஜிட்டல்தான் கட்டுப்படியாகும். ஆஃப்செட்டில் பிளேட் செய்து இயந்திரத்தைச் சரிக்கட்டும் செலவு நூறு பிரதிக்கும் அதேதான், ஆயிரத்துக்கும் அதேதான். ஸ்டாலில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. வருகிறவர்கள் பிரௌஷரைக் கையில் வாங்கி, ஒரு சிலையைக் காட்டி, “இது எத்தனை அங்குலம், எவ்வளவு எடை, என்ன விலை?” என்று கேட்பார்கள். நான் அதன் மேலேயே பேனாவால் எழுதிக் கொடுப்பேன். வெல்வெட் மேல் பால்பாயின்ட் பேனா வழுக்கும், எழுதினாலும் விரலில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கறுப்பு வெல்வெட்டில் விரல் எண்ணெய்க் கறையும் நகக் கீறலும் அப்படியே தெரியும். முதல் ஆயிரம் நன்றாகவே வந்திருந்தாலும் அந்த மேசைக்கு உதவியிருக்காது என்பது அப்போது புரிந்தது. ஒரு பிரௌஷர் எங்கே, யார் கையில், எதற்காகப் போகிறது என்பதிலிருந்து தாளுக்கு வரவேண்டும், தாளிலிருந்து மடிப்புக்கு, கடைசியாகத்தான் பளபளப்புக்கு. பிரஸ்ஸில் நமக்குக் காட்டும் வரிசை இதற்கு நேர் எதிர்.

தை பிறந்த பிறகு அதே கும்பகோணம் பிரஸ்ஸில் முறையாக மறுபடி அடித்தோம். அங்கே இயந்திரம் ஓட்டும் பெரியவர் பேசுவதே குறைவு, ஆனால் என்னை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்க விட்டார். முதல் சில ஷீட்டுகள் வந்ததும், “பாரும்மா, சிலை நிறம் சரியா?” என்று கேட்டு மையைக் குறைத்தார். மடிப்பு வேண்டாம் என்று முடிவு செய்து, நடுவில் பின் அடித்த பன்னிரண்டு பக்கச் சிறு புத்தகமாக்கினோம். அட்டை 250 ஜி.எஸ்.எம்., இரண்டு பக்கமும் மேட் லேமினேஷன், பெயர் மட்டும் தடித்த எழுத்தில் தங்க ஃபாயில். உள் பக்கங்கள் 130 ஜி.எஸ்.எம். பளபளப்பான ஆர்ட் பேப்பர், கறுப்புப் பின்னணியை எடுத்துவிட்டு வெளிர் சாம்பல். கடைசி உள்பக்கத்தின் ஒரு பாதி வெற்றிடம், விலையும் எடையும் எழுதிக் கொடுப்பதற்கு. ஆனால் ஆர்ட் பேப்பரிலும் ஜெல் பேனா காய நேரமாகும், பால்பாயின்ட் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பாட் யூவி இல்லை. செலவு 42,000 சொச்சம், பக்கங்கள் கூடியும்கூட முதல் முறையைவிடக் குறைவு. கூரியரில் அனுப்புகிறவர்கள் எடையையும் பார்க்க வேண்டும். ஏ4 அளவில் 300 ஜி.எஸ்.எம். தாள் ஒன்றே ஏறத்தாழ 19 கிராம், 130 ஜி.எஸ்.எம். என்றால் 8 கிராம்.

இன்னும் இரண்டு விஷயம். தமிழ் எழுத்துள்ள கோப்பை பிரஸ்ஸுக்குக் கொடுக்கும்போது எழுத்துகளை எழுத்துரு தேவைப்படாத கோட்டுருவமாக (அவுட்லைன்) மாற்றிய பி.டி.எஃப். ஆகக் கொடுங்கள். பழைய எழுத்துரு அவர்கள் கணினியில் இல்லையென்றால் கொம்பு ஓர் இடத்திலும் எழுத்து ஓர் இடத்திலும் நிற்கும். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் வெட்டுக்கு விட்டிருக்க வேண்டும், படங்கள் அச்சாகும் அளவில் 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி) இருக்க வேண்டும். மற்றது, ஃபாயில் பிளாக்குக்குப் பணம் கொடுத்தது நீங்கள், அது உங்களுடையது. வேலை முடிந்ததும் கேட்டு வாங்கித் துணியில் சுற்றி வைத்துக்கொண்டால் அடுத்த முறை அந்தச் செலவு மிச்சம். கும்பகோணத்துப் பெரியவர் கேட்காமலேயே காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். முதல் பிரஸ்ஸில் இருக்கும் பிளாக்கை நான் கேட்கவில்லை, புள்ளியில்லாத எழுத்தை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன பயன்?